மூன்று துரைமாரின் குப்பைக்கூடை

சேசு மரி சூசை

புதுச்சேரி,
1935 அக்டோபர் 21

சைகோன் பட்டணத்தில் சுங்க இலாகாவில் கௌரவத்தோடு உத்தியோகம் பார்த்துவரும் மகாகனம் பொருந்திய மச்சான் பிரான்சுவா அவர்கள் சமூகத்துக்கு, தங்கை புருஷன் பிரகாசம் பணிவோடு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், தங்கள் தங்கை ரோசாவும், பெண் பெர்னதெத்தும் தேவ கிருபையால் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கேட்டீர்களானால் அது கீழே வருகிறது. நீங்கள் அனுப்பிய பட்டுத்துணி பத்திரமாக வந்தது. தேயிலை டப்பாவும் வந்தது, உள்ளே தேயிலை பாதிதான் வந்தது. சுங்க இலாகாவில் இருக்கிற உங்களுக்கு அது எப்படி என்று நான் விளக்க வேண்டியதில்லை.

முக்கிய விஷயத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கல்யாணத்துக்கென்று கப்பல் டிக்கெட் வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டி கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். தை மாதம் நடக்கவேண்டிய பெர்னதெத்தின் கல்யாணம் அநேகமாக நின்றுபோகும், அதற்குப் பாதிக் காரணம் பாரீசில் இருக்கிற சர்க்கார், மீதிப் பாதி நான். மாப்பிள்ளை அமலநாதனை உங்களுக்குத் தெரியும், அரசாங்கச் சாமான் கிடங்கு ஆபீசில் நகல் எழுதுகிற பையன். 'சர்க்கார் மாப்பிள்ளை, சர்க்கார் மாப்பிள்ளை' என்று நான் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்ததும் தெரியும். ரொட்டிக்கடை சம்பந்தம் தேடி வந்தபோது, மாவு ஒட்டின கைக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற ரொட்டி மட்டும் தினமும் கருகித்தான் வருகிறது.

இந்த ஆடி மாதம் பாரீசிலிருந்து உத்தரவு வந்தது, சர்க்கார் செலவை எல்லா இடத்திலும் குறைக்கவேண்டும் என்று. குறைக்கட்டும், நியாயம்தான், வீட்டில் அரிசி குறைந்தால் நாமும் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பதில்லையா? ஆனால் எங்கள் வீட்டில் கஞ்சி காய்ச்சினால் எனக்கும் கஞ்சிதான். இங்கே அப்படியில்லை. சிக்கனம் பண்ணுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஓர் இன்ஸ்பெக்டர் கப்பலில் முதல் வகுப்பில், பெண்சாதியோடும் நாயோடும் வந்து இறங்கினார். அவர் வந்த மறுநாள் கிடங்கு ஆபீஸ் வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஐந்து சில்லறை உத்தியோகங்களில் ஒன்று எடுக்கப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள், அதைவிட நியாயமாக எதைக் குறைக்கலாம் என்று காட்டிப் பதினைந்து நாளைக்குள் பிரெஞ்சில் மனுக் கொடுக்கலாம். நோட்டீசுக்கு மேலே 'எகாலித்தே', அதாவது எல்லோரும் சமம், என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. ஆபீசில் இருக்கும் பெரிய துரை, நடுத் துரை, சின்னத் துரை மூவரைப் பற்றி நோட்டீசில் ஒரு வார்த்தை இல்லை. ஊரெல்லாம் இதே பேச்சு. பிள்ளைச்சாவடியிலிருந்து வருகிற மீன்காரம்மாகூட, "பெரிய மீனு மாட்டினா வலை கிழியுமாம், அதுக்குத்தான் சின்ன மீனாப் பாத்துப் புடிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கும் சின்ன மீனாகவே பார்த்துப் போட்டாள்.

மச்சான், நோட்டீசில் 'பிரெஞ்சில்' என்று போட்டிருந்ததால் எல்லோரும் எங்கே வருவார்கள்? பத்திரம் பதிகிற நொத்தேர் வீட்டுத் தாழ்வாரத்தில் மேசை போட்டு இருபத்திரண்டு வருஷமாக ஊராருக்கெல்லாம் மனு எழுதுகிற என்னிடம்தானே வருவார்கள். முதலில் வந்தவர் வாசல் பியூன் மஜீத். "பங்கா இழுக்கிறாரே ராஜாங்கம், அவரை எடுக்கலாம்னு எழுதுங்க ஐயா. இன்னும் ரெண்டு மாசத்துல மார்கழி. பனியில யாருக்குக் காத்து வேணும்?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ரோமாபுரியில் ஆரம்பித்து நெப்போலியன் வழியாக மார்கழிப் பனிக்கு வந்து ஏழு பக்கம் எழுதினேன். அவர் போய் அரை மணி ஆகவில்லை, ராஜாங்கம் வந்தார். "தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துற சக்கரபாணியை எடுக்கலாம் ஐயா. ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் மழையே ஊத்திடும்." அதுவும் நியாயம்தான், அதற்கும் ஏழு பக்கம். மறுநாள் சக்கரபாணி ஒரு வாழைப்பூவோடு வந்தார். (அரசாங்கத் தோட்டத்து வாழைப்பூ. ரோசா அதை வடை தட்டினாள், சாப்பிட்டபோது எனக்கு ராஜத்துரோகம் செய்கிற மாதிரி ருசியாக இருந்தது.) அவர், "அந்த வாசக் கதவு நான் பார்த்து மூடினதே இல்ல. தொறந்தே கிடக்கிற கதவுக்கு மஜீத் பாய் எதுக்கு?" என்றார். அதுவும் சரிதானே! ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் நான் மூச்சு விடவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியார் மாதிரி வாயை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். மூவரும் வட்டமாக நின்று ஒருத்தர் முதுகை ஒருத்தர் காட்டுகிறார்கள், மூன்று மனுவும் ஒரே கையெழுத்து, மூன்றும் அபாரமான பிரெஞ்சு. இன்ஸ்பெக்டர் தலை சுற்றி எல்லோரையும் விட்டுவிடுவார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நாலாவதாக நம் அமலநாதன் வந்தான். வந்தவன் மேசை நுனியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, யாரையும் காட்டிக் குடுக்காம எழுதுங்க. நான் ஒழுங்கா வேலை பாக்கறேன்னு மட்டும் எழுதினாப் போதும்" என்றான். "தம்பி, அப்படி எழுதினா அதுக்குப் பேர் மனு இல்ல, ஜெபம். ஜெபம் பண்ண கோயிலுக்குப் போ" என்று சத்தம் போட்டேன். கேட்கவில்லை. யாரையும் வேண்டாம் என்று எழுதமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். சரி என்று வெற்றுத் தாளின் அடியில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டு, மச்சான், இதை ரோசாவிடம் எக்காரணம் கொண்டும் எழுதாதீர்கள், நான் ஒரு காரியம் செய்தேன். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்த மாதிரி ஐந்து பேரில் மிச்சம் இருந்தவள் பெருக்குகிற மணியம்மாள் ஒருத்திதான். புருஷன் இல்லை, பேச ஆள் இல்லை, பிரெஞ்சும் இல்லை. பெருக்குகிற வேலையை வாரம் ஒரு நாள் வேறு யாராவது பார்த்துக்கொள்ளலாம், ஆகவே மணியம்மாளை எடுத்துவிடலாம் என்று அமலநாதன் பெயரில் நானே ஏழு பக்கம் எழுதிச் சேர்த்துவிட்டேன். நியாயம், சமத்துவம் என்ற வார்த்தைகளை அந்த மனுவில்தான் அதிகமாகப் போட்டேன். பெண்ணைப் பெற்றவன் மச்சான், என்ன செய்ய?

கடைசி நாள் சாயங்காலம், மழை கொட்டுகிறது, அந்த மணியம்மாளே எதிரில் வந்து நிற்கிறாள். தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் எங்கள் நொத்தேர் தாழ்வாரத்தையும் அவள்தான் பெருக்குகிறாள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஐயா, எனக்கும் ஒரு மனு எழுதணும்" என்றாள். யார் வேலையை எடுக்கலாம் என்று எழுதவேண்டும் என்று கேட்டேன்.

"யாரு வேலையை எடுக்கணும்னு எனக்கு எப்பிடி ஐயா தெரியும்? எனக்குத் தெரிஞ்சது குப்பைதான். அமலநாதன் தம்பி கூடை நெதம் நெறைஞ்சு கிடக்கும். மை ஊத்தினது, அடிச்சது, திருத்தினது. நடுவுல ஒரே மாதிரி ஆரம்பிச்சுக் கிழிச்ச காயிதம் ஏழெட்டு இருக்கும், எல்லாத்துலயும் மேல ஒரு பூப் போட்டிருக்கும். மூணு தொரைங்க ரூம்பு இருக்கே, அங்க நாலு வருசமா ஒரு காயிதம் நான் வாரினது இல்ல. பெரிய தொரை கூடையில ஆரஞ்சுத் தோலு. நடுத் தொரை கூடையில சுருட்டுத் துண்டு. சின்னத் தொரை கூடையில ஒண்ணுமே இருக்காது, ஒரு தபா எலி குட்டி போட்டிருந்துச்சு. வேலை செஞ்சா குப்பை விழாதா ஐயா?"

பூப் போட்ட காகிதம் யாருக்கு எழுதப்பட்டது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அந்தப் பூப் போட்ட கடிதங்களைப் பெர்னதெத் ஜெபப்புத்தகத்துக்குள் வைத்திருப்பதை நான் பார்த்தவன். அது கிடக்கட்டும். மச்சான், உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது. இவள் சொல்கிறதை ஜோடனை எதுவும் இல்லாமல் அப்படியே எழுதினால், மூன்று துரைமாரை எதிர்த்த மனு ஆயிற்றே, இவள் வேலைதான் முதலில் போகும், அமலநாதன் தப்பிப்பான் என்று கணக்குப் போட்டேன். ரோமாபுரி கிடையாது, நெப்போலியன் கிடையாது. நான்கே வரி. 'ஐயா, நான் இந்த ஆபீசைப் பெருக்குகிறவள். எல்லா அறையின் குப்பையும் எனக்குத் தெரியும். துரைமார் மூவர் அறையிலும் நான்கு வருஷமாகக் காகிதக் குப்பை இல்லை. வேலை எங்கே நடக்கிறது என்று கூடையைப் பாருங்கள்.' கைநாட்டு வைத்துவிட்டு, "இம்புட்டுதானா ஐயா?" என்று கேட்டாள். போதும் என்றேன். கும்பிட்டுவிட்டு என் மேசைக்கடியில் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் பெருக்கிவிட்டுப் போனாள், நான் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை இனிமேல்தான். இன்ஸ்பெக்டர் என்னுடைய ஏழு பக்க மனுக்கள் நான்கையும் கையில் எடுத்து, கனம் பார்த்து, அதாலேயே விசிறிக்கொண்டாராம். (இதைச் சொன்னவர் ராஜாங்கம். பங்காவை அவர் எவ்வளவு வேகமாக இழுக்கிறார் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.) படித்தது அந்த நாலு வரியை மட்டும்தான். படித்துவிட்டுக் கைத்தடியை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய்க் குப்பைக்கூடைக்குள் எட்டிப் பார்த்தாராம். பெரிய துரையிடம், "இங்கே ஆரஞ்சு நன்றாக விளைகிறதோ?" என்று கேட்டாராம். அமலநாதன் கூடையைப் பார்த்துத் தலையாட்டினாராம். "சனிக்கிழமை மறுபடி வந்து பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான், ஆபீஸ் முழுக்கக் கூடைப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கூடையே இல்லாத மஜீத் பாய் மார்க்கெட்டில் மீன்கூடை ஒன்று வாங்கி வாசலில் வைத்துப் பழைய காகிதத்தைத் திணித்தார், பூனைகள் வாசலை விட்டு நகரமாட்டேன் என்கின்றன. ராஜாங்கம் பங்காக் கயிற்றுப் பக்கத்தில் ஒன்று. சக்கரபாணி சருகையெல்லாம் வாரி ஒன்று. இவர்களாவது பரவாயில்லை. பெரிய துரை பீரோவைத் திறந்து, ஒரு வருஷத்துக்கென்று வந்த புதுக் காகிதக் கட்டை எடுத்து, மூன்று துரைமாரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து கிழிகிழி என்று கிழித்தார்களாம். நான்கு வருஷத்தில் அந்த அறைகளில் நடந்த முதல் வேலை அதுதான் என்று மஜீத் பாய் சொல்கிறார். சிக்கனத்துக்காக ஒரு வருஷத்துக் காகிதம் போயிற்று.

அமலநாதன் மட்டும் என்ன செய்தான் தெரியுமா? காகிதத்தை இரண்டு பக்கமும் எழுதவேண்டும், அடித்துத் திருத்தி வீணாக்கக்கூடாது என்று சிக்கன உத்தரவில் ஒரு வரி இருந்ததாம். மற்றவர்கள் படிக்கவே படிக்காத அந்த வரியை இவன் படித்து அதன்படியே நடந்தான். பூப் போட்ட காகிதமாவது நாலு இருந்திருக்கும், அதற்கும் இங்கே ரோசா தடை போட்டுவிட்டாள், வேலை நிலைக்கும்வரை கடிதம் கிடிதம் கூடாது என்று. சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். ஆபீஸ் முழுக்கக் கூடைகள் வழிகின்றன. காலியாக இருந்தது ஒரே ஒரு கூடை. அது யாருடையது என்று நான் எழுதவும் வேண்டுமா? இன்ஸ்பெக்டர் அந்த அறையின் நம்பரை நோட்டில் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். உத்தரவு இன்றோ நாளையோ வரும். ஆக, மணியம்மாளைத் தொலைக்க நான் எழுதின நாலு வரி, நேராக வந்து என் மருமகன் தலையில் இறங்கியிருக்கிறது.

ரோசா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "சம்பளம் இருந்தா சம்பந்தம், இல்லன்னா இல்ல. எங்க அண்ணன்கிட்ட கப்பல் ஏற வேணாம்னு எழுதிடுங்க." பெர்னதெத் அழவில்லை. கருகின ரொட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு, "இதைத் தினம் தின்னாலும் தின்பேன், ரொட்டிக்கடைக்கு வாழப் போகமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். மச்சான், பெண்ணுக்காகச் செய்ததெல்லாம் பெண் தலையிலேயே விடிந்தால் தகப்பன் எங்கே போய் முட்டிக்கொள்வான்? கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டாம் என்று சாமியாரிடம் நாளைக்குச் சொல்லப்போகிறேன். உங்களிடம் நான் எந்த ஒத்தாசையும் கேட்கவில்லை. எனக்கென்று ஒரு தொழில் இருக்கிறது, அதை யாராலும் வெட்டமுடியாது, அதற்கு ஆண்டவருக்குத் தோத்திரம்.

வில்லியனூர் மாதா உங்களையும் ரோசாவின் அண்ணியாரையும் புயலிலிருந்தும், காய்ச்சலிலிருந்தும், செலவைக் குறைக்கிறவர்களின் நியாயத்திலிருந்தும் காப்பாளாக. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். டிக்கெட் வேண்டாம் என்பதை மறுபடியும் எழுதி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கும் கோபத்துக்கும் பாத்திரனான
பிரகாசம்

பி.கு.: டிக்கெட் வாங்குங்கள். உடனே வாங்குங்கள். உறையை ஒட்டப் பசையைக் கையில் எடுத்தேன், அமலநாதன் தெப்பமாக நனைந்துகொண்டு தாழ்வாரத்துக்குள் ஓடிவந்தான். இன்று மத்தியானம் மணியம்மாள், துரைமார் அறையில் சனிக்கிழமை வாரின குப்பை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் இன்ஸ்பெக்டர் மேசைமேல் கொட்டினாளாம். பின்னாலேயே ஓடிய மஜீத் பாய், தமக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில், "எழுதாத காயிதத்தை யாராவது கிழிப்பாங்களான்னு இந்தம்மா கேக்குது" என்று சொன்னாராம். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு துண்டாகப் புரட்டியிருக்கிறார். ஒரு துளி மை இல்லை. அமலநாதனைக் கூப்பிட்டு உன் கூடை ஏன் காலி என்று கேட்க, அவன் உத்தரவைக் காட்டியிருக்கிறான். தான் கொண்டுவந்த உத்தரவைப் படித்த ஒரே ஆளை இன்ஸ்பெக்டர் அப்போதுதான் பார்த்திருப்பார் போலிருக்கிறது. சாயங்காலமே உத்தரவு ஒட்டியாயிற்று. சின்னத் துரை உத்தியோகம் எடுக்கப்பட்டது, பெரிய துரையின் இரண்டாவது குதிரை வண்டி நிறுத்தப்பட்டது, ஐந்து பேருக்கும் வேலை நிலைத்தது. கடைசியில் ஒரு வரி: இனிமேல் சர்க்காருக்குக் கொடுக்கும் மனு நான்கு வரிக்கு மேல் கூடாது, தமிழிலும் சொல்லலாம், மனு எழுதுவோர் மூலம் வருவதை வாங்கமாட்டார்கள். மச்சான், ஊரில் வெட்டுப்பட்டது சின்னத் துரையும் நானும்தான்.

விஷயம் கேள்விப்பட்டு ரோசா குடையோடு வந்துவிட்டாள். "சம்பளமில்லாத மாப்பிள்ளை வேணாம்னு நான் சொன்னேன். இப்ப சம்பளமில்லாத மாமனார் வேணாம்னு அவங்க சொன்னா?" என்று என்னைத்தான் கேட்டாள். அமலநாதன் தலையைத் துவட்டிக்கொண்டே, "யாரையும் வேணாம்னு எழுதமாட்டேன்னு முன்னமே சொன்னேனே அத்தை" என்றான்.

அவர்கள் இரண்டு பேரும் போன பிறகு மணியம்மாள் பெருக்க வந்தாள். என் கூடையைப் பார்த்துவிட்டு, "காலியா இருக்கே ஐயா. யாராவது வந்து பாத்துட்டா?" என்று சொல்லி, தன் மூட்டையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து அதில் போட்டு அமுக்கினாள். இன்ஸ்பெக்டர் விசிறி முடித்துப் போட்ட மனுக்கள். மேலே இருந்தது அவளை எடுக்கச் சொல்லி நான் எழுதிய ஏழு பக்கம். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எனக்குத் தெரியும்.

வரும்போது அங்கே கிடைக்கிற பட்டுச் சேலை ஒன்று கூடுதலாக வாங்கி வாருங்கள். யாருக்கு என்று ரோசா கேட்டால் நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன், நாலு வரியில்.